பின்னறை வரை ஒரு லைன்

தொலைபேசி அடித்தால் ஆன்டி உடனே ஹலோ சொல்ல மாட்டார். காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். எதிர்முனையில் இருப்பவர் கத்திக் கத்தி, சரி வைத்துவிடலாம் என்று நினைக்கும் நேரத்தில், "பேசுங்க, லைன் கிளியரா இருக்கு" என்று ஒரு குரல் வரும். கிள்ளானில் அவர் வீட்டு மாடியறை வாடகைக்கு இருக்கிறதா என்று கேட்க நான் முதன்முதலாக அழைத்தபோதும் இதுதான் நடந்தது. ஏதோ அரசாங்க அலுவலகத்துக்கு அடித்துவிட்டேன் என்று பயந்து பட்டென்று வைத்துவிட்டேன். அவரே திருப்பி அழைத்தார். "ரூம் கேக்கத்தானம்மா கூப்பிட்டீங்க? பாதியில கட்டாயிடுச்சு. லைன்லதான் ஏதோ கோளாறு" என்றார்.

வைத்தது நான். பழி லைன் மேல் போனது. அவரோடு இருந்த காலம் முழுக்க இதைத்தான் பார்த்தேன்.

வேலை பார்த்த காலமெல்லாம் கோலாலம்பூரில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் ஒயர்களைச் செருகி, இந்த ஊர்க்காரரை அந்த ஊர்க்காரரோடு சேர்த்துவைத்த வேலை. எத்தனையோ பேர் அவர் காதுவழியாகச் சண்டை போட்டிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், சாவுச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. இந்தப் பக்கத்து ஆளும் நல்லவர், அந்தப் பக்கத்து ஆளும் நல்லவர், நடுவில் இருக்கிற லைன்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது.

பால் இல்லாத கோப்பி ஓ கேட்டதற்குக் கடைக்காரர் பால் கோப்பி கொடுத்தால், "பாவம், சத்தத்துல அவருக்குச் சரியாப் போய்ச் சேரல" என்று அதையே குடித்துவிடுவார். நான் வாடகையை மறந்தால், ஞாபகப்படுத்த அவர் அனுப்பிய மெசேஜ்தான் வந்திருக்காது என்பார். அவர் அனுப்பியே இருக்கமாட்டார். சுங்கை வேயில் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். ஒரு கல்யாணத்தில் யாரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள் என்ற பெரிய பிரச்சினையில், தங்கை போனிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். "பேசிக்கிட்டே இருந்தா, கட்டாயிடுச்சு. கூப்பிடுவா லா" என்பார் ஆன்டி. கிள்ளானிலிருந்து சுங்கை வே என்ன சந்திர மண்டலமா? ஒரு காரைப் பிடித்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம். அந்த லைன் மட்டும் வருஷக்கணக்காக ரிப்பேரில் கிடந்தது.

ஆன்டி என்றுதான் நானும் கூப்பிட்டேன். அந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளைகள், காய்கறி லோரிக்காரர், கோயில் குருக்கள், எல்லாருக்கும் ஆன்டி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர் கணவர். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தியதுமே பெயரைச் சொல்லி ஒரு சத்தம் கொடுப்பாராம். கடைசி வீடு வரைக்கும் கேட்குமாம். எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். நான் குடிவந்தபோது அந்தச் சத்தம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அங்கிள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். ஆனால் அவரை யாரும் அதற்காக ஞாபகம் வைத்திருக்கவில்லை. திருவிழா என்றால் கோயில் மைக் அவர் கையில்தான். காணாமல் போன பிள்ளை, வழியை மறித்துக்கொண்டு நிற்கும் கார், அன்னதானம் ஆரம்பமாகிவிட்டது, யாரோ விட்டுப்போன சாவிக்கொத்து என்று ஓயாமல் பேசுவாராம். அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் அடித்துப்போட்டது. வலது கையும் காலும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அந்தச் சொல் 'சரி'.

பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. நான் யார் தெரிகிறதா அங்கிள் என்று முதல் நாள் கேட்டேன். என்னை நன்றாகப் பார்த்துச் சிரித்து, மரியாதையாக, "சரி" என்றார்.

ஆன்டிக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. அவரும் கணவரும் பேசிக்கொள்வதை மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டால் சாதாரண வீட்டுப் பேச்சு மாதிரிதான் இருக்கும். "ஃபேன் போடவா?" "சரி." "கஞ்சி கொண்டாரவா?" "சரி." "கொஞ்சம் திரும்பிப் படுங்க, முதுகு தொடைச்சு விடறேன்." "சரி, சரி." கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. 'சரி' என்று பதில் சொல்ல முடிகிற கேள்விகளை மட்டும்தான் ஆன்டி கேட்டார். என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அங்கிளுக்குச் சனிக்கிழமை காலையில் பேச்சுப் பயிற்சி இருந்தது. தமிழ் பேசுகிற பயிற்சியாளர் கிடைப்பதே அபூர்வம். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் ஒரு பெண் இருந்தார். அங்கிளைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்பதால், டேப்லட்டில் வீடியோவில் பயிற்சி. இங்கேதான் தொல்லை. நம் ஊர் வரிசை வீடுகள் எப்படியிருக்கும் என்று தெரியும்தானே, முன்னால் ஆள் நிற்கிற அகலம், பின்னால் போகப் போக முடியவே முடியாது. இன்டர்நெட் ரூட்டர் வாசற்கதவுக்குப் பக்கத்தில். அங்கிள் படுத்திருந்தது, சமையற்கட்டையும் தாண்டி, பின்னால் இழுத்துக் கட்டிய அறையில். நடுவில் கல் சுவர்கள், குளியலறை, ஆளுயரக் குளிர்பெட்டி. முன் ஹாலில் பறக்கும் வைஃபை அந்த அறைக்குள் வரும்போது செத்துவிடும். கைபேசி டேட்டாவும் அங்கே ஒற்றைக் கோடுதான். அவரை ஹாலுக்குக் கொண்டுவரலாம் என்றால் சமையற்கட்டுப் படியில் சக்கர நாற்காலி ஏறாது. ஒருமுறை முயன்று கீழே சாய்த்துவிட இருந்தார்கள், அத்தோடு விட்டார்கள்.

ஆகவே திரையில் அந்தப் பெண்ணின் முகம் கட்டங்கட்டமாக உடைந்து நிற்கும். குரல் விட்டு விட்டு வரும். ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டி, "அங்... இது என்..." என்பார். அங்கிள் திரையைப் பார்த்து, "சரி" என்பார்.

"பாத்தியாம்மா?" என்று ஆன்டி என் பக்கம் திரும்புவார். "லைன் கிளியரா இல்லன்னா எல்லாருமே இப்படித்தான் சரி சரிம்பாங்க. கேக்கலன்னு சொல்ல வெக்கம். நான் எத்தன வருஷம் கேட்டிருக்கேன். ஒரு வார்த்த காதுல விழுந்திருக்காது, சரி சார், சரி சார்னு வச்சிருவாங்க. இவருக்கும் அதான். அந்தப் பொண்ணு கேக்கறது இவருக்கு வந்து சேரல."

சொல்கிற விதத்தில் நானும் நம்பினேன். ஆன்டி அனுபவத்தில் பேசினார். நடுவில் பயிற்சியாளரும் ஒருநாள் அதையே சொன்னார். "ஆன்டி, அடுத்த மாசம் ரிவியூ இருக்கு. முன்னேற்றம் இல்லன்னா இந்த நேரத்த வேற நோயாளிக்குக் குடுக்கச் சொல்லுவாங்க. ஆனா எனக்கு ஒன்னுமே சரியா தெரியல, கேக்கல. இத வச்சு நான் எப்படி எழுதுறது? லைன சரி பண்ணுங்களேன்." இது மட்டும் உடையாமல் முழுசாக வந்து சேர்ந்தது. ஆன்டி அன்றைக்கே கேக் டின் மூடியை ரூட்டருக்குப் பின்னால் நிறுத்திவைத்துப் பார்த்தார். சிக்னலைப் பின்னால் திருப்பி அனுப்புமாம். வாசலுக்கு வெளியே நின்ற குப்பை லோரிக்காரனுக்கு வேண்டுமானால் போயிருக்கும்.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தேன். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். "பழைய ரூட்டர் ஏதும் இருக்கா அக்கா? புதுசு எதுவும் வாங்காதீங்க. நீளமா ஒரு கேபிள் மட்டும் வாங்குங்க" என்றான்.

பழைய ரூட்டர் இல்லாமலா? வேகத்தைக் கூட்டுகிறோம் என்று இன்டர்நெட் கம்பெனி புதுப்பெட்டி மாட்டியபோது, பழையதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று வந்த ஆள் சொல்லியிருக்கிறார். "லைட்டு எரியுதுல்ல தம்பி, அப்புறம் எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று ஆன்டி அதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆபரேட்டரைத் திரும்பக் கூப்பிட்ட மாதிரி ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். முதலில் பழைய பெட்டியின் நினைவை அழிக்க வேண்டும். பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசி மாதிரி ஏதாவது விட்டு அழுத்த வேண்டும் என்றேன். ஆன்டி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு லேப்டாப்பில் அதன் உள்ளே போய், வீட்டிலிருக்கும் கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கினேன். எண் கொடுப்பது வாசலில் இருக்கும் புதுப்பெட்டி மட்டும்தான், இரண்டும் கொடுத்தால் குழப்பம் என்று ஆன்டிக்கு விளக்கினேன். எனக்கு முந்தினநாள்வரை இது தெரியாது, ஆனாலும் விளக்கினேன்.

"ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு ரெண்டு சூப்பர்வைசர் இருந்தா வெளங்குமா?" என்றார் ஆன்டி. "இதப் பேசாம வந்தத வாங்கி அந்தப் பக்கம் குடுக்கச் சொல்லு, போதும்."

வைஃபையின் பெயரும் ரகசியச் சொல்லும் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாகவே வைத்தேன். அப்போதுதான் டேப்லட் எந்த அறைக்குப் போனாலும் தானாகவே பக்கத்தில் இருக்கும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். கேபிளை ஆன்டிதான் இழுத்தார். எங்கே வளைக்கலாம், எங்கே வளைத்தால் உள்கம்பி ஒடியும் என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஹால் சுவரின் மேலே, தீபாவளி விளக்கு மாட்டும் ஆணிகளிலேயே அதைத் தொங்கவிட்டு, சமையற்கட்டின் கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியே பின்னறைக்குக் கொண்டுபோனோம். முதலில் நான் தப்பான துளையில் செருகி வீட்டுக்கே இன்டர்நெட் இல்லாமல் செய்தேன். மஞ்சள் துளை வேண்டாம், மற்ற நாலில் ஒன்றில் போடுங்கள் அக்கா என்று அலுவலகப் பையன் போனில் சிரித்தான். மாற்றிப் போட்டதும் அங்கிளின் தலைமாட்டில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. டேப்லட்டில் முழுக்கோடும் நின்றது.

ஆன்டி அங்கிளின் நெற்றியைத் தடவினார். "லைன் வந்திருச்சுங்க. இனி பேசலாம்" என்றார்.

"சரி" என்றார் அங்கிள்.

அந்தச் சனிக்கிழமை ஆன்டி தலைகுளித்து, நல்ல சேலை கட்டி, அங்கிளுக்குச் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார். கோயிலுக்குக் கிளம்பினது மாதிரி இருந்தார்கள் இரண்டு பேரும். நானும் கதவோரம் நின்றேன். பயிற்சியாளரின் முகம் திரையில் வந்தது. மூக்குத்தியின் கல்கூடத் தெரிந்தது. அவர் பின்னால் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"வாவ் ஆன்டி, சூப்பரா தெரியுது!" என்றார். கோப்பையைத் தூக்கினார். "அங்கிள், இது என்ன?"

"சரி."

"சரி, நல்லா பாருங்க. இதுல கோப்பி குடிப்போம். இது என்ன?"

"சரி."

சீப்பு. சரி. சாவி. சரி. பூனைப் படம். சரி, சரி. ஆன்டி நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே போட்டார். டேப்லட்டின் சத்தத்தைக் கூட்டினார். கூட்டுவதற்கு இன்னும் இடமில்லாத வரைக்கும் கூட்டினார். கடைசியில் அந்தப் பெண், "அங்கிள், உங்க பக்கத்துல உக்காந்திருக்காங்களே, இவங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

அங்கிள் திரும்பி ஆன்டியைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆளைத் தெரியாத குழப்பம் எதுவும் இல்லை. உதடு கூடக் கொஞ்சம் அசைந்தது. பயிற்சியாளர் உதவிக்கு ஆன்டியின் பெயரின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு பாதிப் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அந்தப் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் பாதி.

"சரி" என்றார் அங்கிள், மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. "இவ்வளவு நாள் லைன்தான்னு நானும் நெனச்சேன் ஆன்டி" என்று மட்டும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை ரிவியூ, அப்போது பார்த்துப் பேசிக்கொள்வோம் என்று முடித்தார்.

ஆன்டி சமையற்கட்டுக்கு வந்து அரிசி களைந்தார். மறுபடியும் களைந்தார். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "லைன் கிளியராத்தாம்மா இருந்துச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடிக்குப் போய்விட்டேன். கேபிள் இழுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றுவரைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அந்தக் கோளாறான லைன்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை வந்தது. ஆன்டி வீட்டில் அது பெரிய பூஜை. கத்தி, அரிவாள்மனை, தையல் மிஷின், அங்கிளின் பழைய மைக், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமிக்கு முன்னால் அடுக்குவார். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது, மறுநாள் எடுத்து ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். மாலையில் வேலை முடிந்து வந்து கும்பிடும்போது பார்த்தேன். மைக்குக்குப் பக்கத்தில் பழைய ரூட்டர் இருந்தது. இரண்டு ஆன்டெனாவிலும் பொட்டு. வாசலில் புது ரூட்டர் பொட்டு எதுவும் இல்லாமல் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கத்தி சமையற்கட்டுக்குப் போனது. லேப்டாப் என்னிடம் வந்தது. தையல் மிஷினில் ஒரு தலையணை உறை தைத்தார். மைக்கும் ரூட்டரும் சாமி முன்னாலேயே இருந்தன. பின்னறையில் கேபிளின் நுனி ஜன்னலோரம் தொங்கியது.

"ஆன்டி, ரூட்டர எடுக்கலையா? சனிக்கிழமை ரிவியூவாச்சே?"

"எடுக்கணும்மா. பூஜையில வச்சத அப்படிச் சும்மா எடுக்கக் கூடாது. நல்ல நாள் பாத்து எடுக்கலாம் லா."

அந்தப் பூஜையில் வைத்ததை எடுக்க மறுநாளைவிட நல்ல நாள் கிடையாது. அது அவருக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை பின்னறையிலிருந்து பழைய குரல் வந்தது. "அங்... கேக்கு... ஆன்டி, மறுபடியும்... லை..." அதற்கு ஆன்டி பதில் சொன்ன குரல், நான் அதுவரை கேட்டிராத அவருடைய வேலைக்குரல். சுத்தமாக, நிதானமாக. "மன்னிக்கணும், லைன் கிளியரா இல்லம்மா. அவருக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க." ரிவியூ தள்ளிப்போனது. அடுத்த மாதமும் தள்ளிப்போனது. ஒரு நாள் தெளிவாகப் பார்த்தது போதாது, லைனைச் சரிசெய்தால்தான் எதையும் எழுத முடியும் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆன்டியும் "ஆகட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சந்தனம் காய்ந்து, வெடித்து, ரூட்டர் மேல் பொடியாக உதிர்ந்தது. ஆன்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைத் துடைத்துப் புதுப் பொட்டு வைத்தார்.

ரயிலில் அலைய முடியாமல் நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வீடு மாறிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கூப்பிடவும் இல்லை. போன வாரம் அலுவலகத்தில் ரூட்டர் மாற்றினார்கள். பழையதைக் குப்பையில் பார்த்ததும் மனசு கேட்காமல் கிள்ளானுக்கு அடித்தேன். எதிர்முனையில் அந்தக் கொஞ்ச நேர மௌனம். பிறகு, "பேசுங்க, லைன் கிளியரா இருக்கு."

நான்தான் என்றேன். சந்தோஷப்பட்டார். சாப்பாடு எங்கே, கல்யாணம் எப்போது, பிரிக்ஃபீல்ட்ஸில் பூ என்ன விலை என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். நான் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு கேட்டேன்.

"அங்கிளுக்குத் தெரபி இன்னும் நடக்குதா ஆன்டி? ஏதாச்சும் பேசறாரா?"

எனக்கு எல்லாமே கேட்டது. சமையற்கட்டில் குக்கர் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், பின்னறையிலிருந்து, யாரும் எதுவும் கேட்காமலேயே, "சரி... சரி" என்ற குரலும் கேட்டது.

"ஹலோ?" என்றார் ஆன்டி. "கேக்கலயேம்மா. லைன் கிளியரா இல்ல."

"சரி ஆன்டி" என்றேன். "சரி, சரி."